புலி இல்லாத காட்டுக்குப் புலியை எங்கிருந்து கொண்டுவருவது?

2005 தொடக்கத்தில் ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது உறுதியானது. மானும் மயிலும் இருந்தன, மலைச்சரிவும் ஓடைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. புலி மட்டும் இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2009-ல், மத்தியப் பிரதேசத்தின் பன்னாவிலும் அதே கதை. புலிக்காகவே ஒதுக்கிப் பெயர் சூட்டிய இரண்டு காடுகள், புலி இல்லாமல்.

அப்படிக் காலியான காட்டுக்குப் புலியைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் நான்கு வழிகள் இருக்கின்றன. பக்கத்துக் காட்டிலிருந்து தானாக நடந்து வரட்டும் என்று வழியைத் திறந்துவைத்துக் காத்திருக்கலாம். வேறொரு காட்டில் வளர்ந்த புலியை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கொண்டுவந்து விடலாம். தாயை இழந்த குட்டிகளை அடைப்பில் வளர்த்து, வேட்டை தெரிந்தபின் விடலாம். நான்காவதாக, உயிரியல் பூங்காவில் பிறந்த புலிகளைப் பயன்படுத்தலாம்.

பொதுமக்கள் அதிகம் கேட்பது நான்காவதைத்தான். 2022-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகம் முழுக்கக் காட்டில் வாழும் புலிகள் 3,726-லிருந்து 5,578-க்குள்தான். ஆசியாவின் புலிப் பண்ணைகளில் மட்டும் 8,000-க்கு மேல் அடைபட்டுக் கிடப்பதாகக் கணக்கிடுகிறார்கள். உலகின் உயிரியல் பூங்காக்களில் இருப்பவை தனி. "அவ்வளவு புலி சும்மா இருக்கும்போது காட்டில் இருப்பதை ஏன் பிடிக்க வேண்டும்?" என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியைப் படிக்கப் படிக்க ஒன்று எனக்குத் தெளிவாகிக்கொண்டே போகிறது. விடப்போகும் புலி எங்கே பிறந்தது என்பதைவிட, வேட்டையையும் மனிதர்மீது அச்சத்தையும் அதற்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலில் மான் கணக்கு

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய இரைகள் வேண்டும். புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி, காட்டெருது என்று எதுவாகவும் இருக்கலாம். இரைக் கூட்டம் குறையாமல் நிலைத்திருக்க வேண்டுமானால் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புலி எடுக்கக் கூடாது. அப்படியானால் ஒரே ஒரு புலிக்குப் பின்னால் சுமார் 500 இரை விலங்குகள் நின்றாக வேண்டும். நாகரஹோளேயில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த உல்லாஸ் கரந்த் போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிற கணக்கு இது.

நிலப்பரப்பு எவ்வளவு தேவை என்பதையும் இரைதான் முடிவு செய்கிறது. நேபாளத்தின் சித்வனில் 1970-களில் ரேடியோ காலர் (இருக்கும் இடத்தை ரேடியோ ஒலியால் காட்டிக்கொடுக்கும் கழுத்துப்பட்டை) மாட்டிப் பின்தொடர்ந்தபோது ஒரு பெண்புலி ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டரில் வாழ்வதைக் கண்டார்கள். மான்கள் அரிதாகச் சிதறிக் கிடக்கும் ரஷ்யத் தூரக்கிழக்கில் 1992-ல் தொடங்கிய ஆய்வில், அதே வேலைக்கு ஒரு பெண்புலிக்கு 400 சதுர கிலோமீட்டர் தேவைப்பட்டது. விலங்கு ஒன்றே. காடுகளுக்கு இடையில் வேறுபாடு இருபது மடங்கு.

அடுத்து, புலி ஏன் அழிந்தது என்ற காரணம். கம்பிச் சுருக்கு வைப்பவன் இன்னும் வைத்துக்கொண்டிருந்தால் நாம் கொண்டுவரும் புலி அவனுக்குத்தான் போய்ச்சேரும். 2013-ல் வந்த ஐ.யு.சி.என். வழிகாட்டுதல் இதைத்தான் முதல் நிபந்தனையாக வைக்கிறது. பழைய காரணம் நீங்கியதா என்று பார்க்காமல் எந்த விலங்கையும் திரும்ப விடக் கூடாது. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். சத்கோசியாவில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தானாக நடந்து வரட்டும்

குட்டிகள் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் தாயை விட்டுப் பிரிகின்றன. பெண் குட்டி பெரும்பாலும் தாயின் எல்லைக்குப் பக்கத்திலேயே இடம் பிடிக்கும். ஆண் குட்டி நடந்துவிடும். எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை ரேடியோ காலர் வந்த பிறகுதான் சரியாக அறிந்தோம். மகாராஷ்டிரத்தின் திபேஷ்வர் சரணாலயத்தில் பிறந்து, 2019-ல் புறப்பட்ட ஓர் இளம் ஆண்புலி, பருத்தி வயல், நெடுஞ்சாலை, ஊர், ஆறு எல்லாவற்றையும் தாண்டி, தெலங்கானாவுக்குள்ளும் போய்த் திரும்பி, 3,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஞானகங்கா சரணாலயத்தில் போய் நின்றது. வழியில் தென்பட்ட மனிதர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பகலில் புதரில் படுத்து, இரவில் நடந்து, கிட்டத்தட்ட யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது.

நடந்து வரும் புலி தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட புலி. வேட்டை தெரியும், மனிதனைக் கண்டால் ஒதுங்கத் தெரியும். பிடித்தம் இல்லாவிட்டால் போய்விடும், பிடித்தால் தங்கும். மயக்க ஊசி இல்லை, கூண்டு இல்லை, புலி புறப்பட்டு வந்த காட்டில் வெற்றிடமும் இல்லை. சத்தியமங்கலம் இப்படித்தான் நிரம்பியது. ஒரு பக்கம் முதுமலை, இன்னொரு பக்கம் பந்திப்பூர், வடக்கே பிலிகிரிரங்கன் மலை. மூன்றும் தொட்டுக்கொண்டிருக்கும் காடுகள். பாதுகாப்பு இறுகியதும் புலிகள் பெருகின, 2013-ல் அது புலிகள் காப்பகம் ஆனது, 2022-ல் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்கான பன்னாட்டு விருதும் கிடைத்தது. வெளியிலிருந்து ஒரு புலியைக்கூட யாரும் கொண்டுவந்து விடவில்லை.

இந்த வழிக்குக் குறை இரண்டு. ஒன்று, வழி இருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் கன்ஹா, பெஞ்ச் என்ற இரு புலிக்காடுகளுக்கு இடையிலான காட்டை வெட்டிக்கொண்டு நாக்பூர் நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலையானபோது, நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு சாலையையே தூக்கிக் கட்டி அடியில் விலங்குகளுக்கு வழிவிட்டார்கள். அதில் ஒன்று 750 மீட்டர் நீளம். தானியங்கி கேமராக்களில் புலிகள் அதன் அடியில் நடப்பது பதிவானது. எல்லாக் காடுகளுக்கும் இந்த வாய்ப்பு இல்லை. சரிஸ்காவைச் சுற்றிப் பெரும்பாலும் வயலும் ஊரும்தான்.

இரண்டாவது குறைதான் என்னைப் பொறுத்தவரை பெரியது. நடந்து வருவது பெரும்பாலும் ஆண். காட்டுக்கு ஒரு புலி வந்துவிட்டது என்று ஊரே கொண்டாடும். அதற்குத் துணையாக ஒரு பெண்புலி வர இன்னும் பத்து ஆண்டு ஆகலாம், வராமலே போகலாம்.

காட்டுப் புலியைக் கொண்டுவந்து விடுவது

2008 ஜூனில் விமானப்படையின் ஹெலிகாப்டர் அதே ராஜஸ்தானின் ரந்தம்போரிலிருந்து ஓர் ஆண்புலியைச் சரிஸ்காவுக்குக் கொண்டுவந்தது. புலி அழிந்துபோன காட்டுக்குக் காட்டுப் புலியைக் கொண்டுவந்து விட நம் காலத்தில் நடந்த முதல் முயற்சி அது. அடுத்தடுத்துப் பெண்புலிகளும் வந்தன. குட்டி வரவில்லை. ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு. 2010 நவம்பரில் முதல் ஆண்புலி நஞ்சு வைக்கப்பட்டுச் செத்தது. 2012-ல்தான் ஒரு தாய் இரண்டு குட்டிகளோடு கேமராவில் தெரிந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? ஹைதராபாத் மரபணு ஆய்வாளர்கள் புலியின் எச்சத்தை, அதாவது மலத்தைச் சேகரித்து, அதிலிருக்கும் மன அழுத்த ஹார்மோன் அளவைப் பார்த்தார்கள். மனித நடமாட்டமும் கால்நடையும் மிகுந்த இடத்தில் வாழும் பெண்புலிகளுக்கு அது உயர்ந்திருந்தது. காப்பகத்துக்குள்ளேயே ஊர்கள் இருந்தன, நடுவே போக்குவரத்துச் சாலை ஓடியது. அதோடு, கொண்டுவந்த முதல் புலிகள் நெருங்கிய உறவு என்பதும் மரபணுப் பரிசோதனையில் வெளிவந்தது. புலியைத் தேர்ந்தெடுக்கும்போதே செய்திருக்க வேண்டிய பரிசோதனை. எச்சத்தில் ஒரு துண்டு கிடைத்திருந்தால் போதும். இன்று சரிஸ்காவில் 40-க்கு மேல் புலிகள் இருக்கின்றன என்பது மனதுக்கு ஆறுதல். ஆனால் தொடக்கத்தில் இழந்த அந்த நான்கு ஆண்டும் பொறுமையாக இருந்திருந்தால் மிச்சமாகியிருக்கும்.

பன்னாவின் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. 2009 மார்ச்சில் பாந்தவ்கரிலிருந்து ஒன்று, கன்ஹாவிலிருந்து ஒன்று என இரண்டு பெண்புலிகள் வந்தன. அவற்றுக்காகக் கடைசி ஆண்புலி காத்திருக்கும் என்று நம்பினார்கள். அது ஏற்கெனவே காணாமல் போயிருந்தது. அதனால் நவம்பரில் பெஞ்சிலிருந்து ஓர் ஆண்புலி, டி-3. விட்ட சில நாட்களில் அது பன்னாவை விட்டுக் கிளம்பியது. போன திசையைப் பார்த்தால் தெற்கு. பெஞ்ச் இருப்பதும் தெற்கில்தான். தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் அதன் பின்னால் போனார்கள். யானைமேல் சிலர், ஜீப்பில் சிலர், ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்துக் காலரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வயலும் ஊரும் கடந்து, 400 கிலோமீட்டருக்கு மேல். டிசம்பர் 25 அன்று மறுபடி மயக்க ஊசி போட்டுப் பன்னாவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த முறை களஇயக்குநர் சீனிவாச மூர்த்தியின் குழு வேறொன்று செய்தது. அடைப்பில் வாழும் ஒரு பெண்புலியின் சிறுநீரைக் கொண்டுவந்து, டி-3 நடமாடும் இடத்தைச் சுற்றி மரங்களிலும் புதர்களிலும் தெளித்தார்கள். இங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்ற செய்தியை அதற்குத் தெரிந்த மொழியிலேயே எழுதிவைத்தார்கள். அது தங்கியது. டி-1 என்ற பெண்புலியைச் சந்தித்தது. 2010 ஏப்ரலில் நான்கு குட்டிகள். இன்று பன்னாவில் 50-க்கு மேல்.

வீடு தேடிப் போவது டி-3-க்கு மட்டும் உரிய குணம் இல்லை. 2024 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஒடிசாவின் சிமிலிபாலுக்குக் கொண்டுவந்த ஜீனத் என்ற பெண்புலி, விட்ட இரண்டே வாரத்தில் ஜார்க்கண்டுக்குள் போய், அங்கிருந்து மேற்கு வங்கத்துக்குள் நுழைந்து, டிசம்பர் 29 அன்று பாங்குரா மாவட்டத்தில் பிடிபட்டது. வளர்ந்த புலியின் தலைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது. ஹெலிகாப்டரில் ஏற்றினால் அது அழிந்துவிடுவதில்லை. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் ஏற்கெனவே எல்லை பிடித்து வாழும் புலியை எடுப்பதைவிட, தாயைப் பிரிந்து இடம் தேடி அலையும் இளம் புலியை எடுப்பதே மேல் என்கிறார்கள். அதை எடுப்பதால் மூலக்காட்டுக்கும் இழப்பு குறைவு. எல்லை பிடித்திருக்கும் ஆணை எடுத்தால் அந்த இடத்துக்குப் புதிய ஆண் வரும், வரும் ஆண் பழைய ஆணின் குட்டிகளைக் கொல்லும். ஒரு புலியைக் கொடுத்ததாக நினைப்போம். உண்மையில் நான்கைந்து போயிருக்கும்.

இனி சத்கோசியா. ஒடிசாவில் மகாநதி மலையை அறுத்துக்கொண்டு போகும் அழகான பள்ளத்தாக்கு. 2018 ஜூனில் கன்ஹாவிலிருந்து மகாவீர் என்ற ஆண், பாந்தவ்கரிலிருந்து சுந்தரி என்ற பெண். இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் புலியைக் கொண்டுபோன முதல் திட்டம். காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் முதலிலிருந்தே எதிர்த்தார்கள். செப்டம்பரில் புலி தாக்கி ஊர்ப் பெண் ஒருவர் இறந்தார். நவம்பரில் மகாவீர் செத்துக் கிடந்தது. உடலில் சுருக்குக் கம்பி அறுத்த காயம். திட்டம் நின்றது. சுந்தரியை அடைத்து வைத்தார்கள், 2021-ல் மத்தியப் பிரதேசத்துக்கே திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு புலிகளும் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவை. தேர்விலோ மயக்க மருந்திலோ பிழை சொல்ல முடியாது. காட்டுக்குள் சுருக்கு இருந்தது, ஊருக்குள் சம்மதம் இல்லை. அங்கே உயிரிழந்த பெண்ணின் வீட்டாரிடம் போய்ப் புலிப் பாதுகாப்பின் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது. அவர்களிடம் முன்பே பேசியிருக்க வேண்டும், கேட்டிருக்க வேண்டும், வேண்டாம் என்றால் நிறுத்தியிருக்கவும் வேண்டும்.

தாயில்லாக் குட்டிகள்

2012 பிப்ரவரியில் ரஷ்யத் தூரக்கிழக்கில் வேட்டைக்காரர்கள் பனியில் ஒரு பெண் குட்டியைக் கண்டார்கள். தாய் இல்லை. உடல் மெலிந்திருந்தது, வால் நுனி உறைபனியில் கருகியிருந்தது. ஜோலுஷ்கா என்று பெயர் வைத்தார்கள். ரஷ்ய மொழியில் சிண்ட்ரெல்லா. அலெக்சேயெவ்கா மீட்பு மையத்தில் அதை வளர்த்த விதம்தான் இந்த வழியின் முழு ரகசியமும். உணவு போடுபவரைக் குட்டி பார்க்கக் கூடாது. மனிதக் குரல் கேட்கக் கூடாது. கேமரா வழியாக மட்டும் கவனிக்கிறார்கள். முதலில் முயல், பிறகு மான், காட்டுப்பன்றி என்று உயிருள்ள இரையை அடைப்புக்குள் விடுகிறார்கள். குட்டி தடுமாறும், விட்டுவிடும், மறுபடி முயலும். தாய் இருந்திருந்தால் பக்கத்தில் நின்று முடித்துக் காட்டியிருக்கும். இங்கே அதுவே கண்டுபிடிக்க வேண்டும்.

2013 மே மாதம் பாஸ்தாக் காப்பகத்தில் விட்டார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டாகப் புலி குட்டி போடாத பகுதி. அங்கே ஏற்கெனவே ஓர் ஆண் அலைந்துகொண்டிருந்தது. 2015-ல் ஜோலுஷ்காவின் குட்டிகள் கேமராவில் தெரிந்தன. 2014-ல் விட்ட இன்னும் ஐந்து குட்டிகளில் போர்யா என்ற ஆண், தன்னோடு வளர்ந்து வேறிடத்தில் விடப்பட்ட ஸ்வெத்லயாவைத் தேடிக்கொண்டு போனதுபோல, சுமார் 200 கிலோமீட்டர் நேர்கோட்டில் நடந்து அது இருந்த இடத்தை அடைந்தது. இரண்டும் சேர்ந்து குட்டி போட்டன. உஸ்தின் என்ற இன்னொரு ஆண் எல்லை தாண்டிச் சீனாவுக்குள் போய் ஆட்டுப்பட்டியில் ஆடுகளைக் கொன்றது. கடைசியில் அதைப் பிடித்து உயிரியல் பூங்காவில் வைக்க வேண்டியதாயிற்று. ஒரே மையம், ஒரே முறை, இருந்தும் ஒன்று தவறியது. இந்த வழியில் ஒவ்வொரு குட்டியும் தனித்தனிச் சோதனைதான்.

இந்தியாவில் இதை முதலில் செய்துகாட்டியதும் பன்னாதான். கன்ஹாவில் 2005-ல் தாயை இழந்த இரண்டு சகோதரிகளைப் பெரிய அடைப்பில் வளர்த்து, 2011-ல் பன்னாவில் விட்டார்கள். டி-4, டி-5. டி-4 அதே டி-3-யோடு சேர்ந்து அந்த ஆண்டே குட்டி ஈன்றது. வீடு தேடி ஓடிய ஆணும், வீடே அறியாத பெண்ணும்.

எனக்கு இந்த வழியில் மிகுந்த நம்பிக்கை உண்டு. எப்படியும் பூங்காவில் அடைபட்டு வாழப்போகும் குட்டிக்குக் காடு கிடைக்கிறது, எந்தக் காட்டிலிருந்தும் புலியை எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் குட்டி கிடைத்த முதல் நாளிலேயே முடிவெடுத்தாக வேண்டும். பாலூட்டி, தடவிக்கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கிய குட்டியை ஆறு மாதம் கழித்துக் காட்டுக்கென்று மாற்ற முடியாது. பாசத்தால் செய்யும் அந்தத் தடவல்தான் அதற்குக் காட்டை மூடிவிடுகிறது. கோரைப்பல் உடைந்த குட்டி, மிகச் சின்னக் குட்டி இவற்றுக்கும் வாய்ப்பு குறைவு. அப்புறம், அனாதைக் குட்டிகள் நம் திட்டத்துக்கு ஏற்றபடி கிடைப்பதில்லை. இதை மட்டும் நம்பி ஒரு காட்டை நிரப்ப முடியாது.

பூங்காவில் பிறந்த புலி

1976-ல் இங்கிலாந்தின் ட்வைகிராஸ் பூங்காவிலிருந்து தாரா என்ற பெண் குட்டியைப் காட்டுயிர்ப் பாதுகாவலர் பில்லி அர்ஜன் சிங் உத்தரப் பிரதேசத்தின் துத்வாவுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். 1978-ல் தாரா காட்டுக்குள் போனது. ஒரு தனி மனிதரின் அர்ப்பணிப்புக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் தாராவின் முன்னோரில் சைபீரியப் புலியும் இருந்தது. பல ஆண்டு கழித்துத் துத்வா புலிகளின் முடியைப் பரிசோதித்தபோது அந்த மரபின் சுவடு தெரிந்தது. யாரும் திட்டமிடாமலே ஒரு காட்டின் மரபில் வெளிக்கலப்பு ஏறிவிட்டது.

இது தாராவுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2008-ல் வெளியான ஆய்வொன்று 14 நாடுகள், பகுதிகளில் அடைப்பில் வாழும் 105 புலிகளின் மரபணுவைப் பார்த்தது. 49 மட்டுமே ஒரே துணையினத்தைச் சேர்ந்தவை, 52 கலப்பு. முறையான வம்சாவளிப் பதிவேடு வைத்திருக்கும் பூங்காக்களின் நிலை மேல். பண்ணைப் புலிகளுக்கு அந்தப் பேச்சே இல்லை. வெள்ளைப்புலிகளைச் சேர்க்கவே வேண்டாம். 1951-ல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டியிலிருந்து உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து பெருக்கியவை அவை. மாறுகண் போன்ற குறைகள் அதனால் வந்தவை. பார்க்க வரும் கூட்டத்துக்காக வளர்ப்பதைப் பாதுகாப்பு என்று சொல்லக் கூடாது.

மரபணு சரியாக இருந்தாலும் பழக்கம் இடிக்கும். ஊனுண்ணிகளை மீண்டும் காட்டில் விட்ட 45 முயற்சிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, அடைப்பில் பிறந்தவை காட்டில் பிறந்தவற்றைவிடப் பிழைப்பது குறைவு என்று காட்டியது. பசியாலும், மனிதர்களாலும் அதிகம் சாகின்றன. மனிதனைக் கண்டு ஓடாத புலியை ஊருக்குப் பக்கத்தில் விட்டால் முதலில் ஆபத்து மனிதனுக்கு, மறுநாள் புலிக்கு.

எதிர்ப்பக்கம் வலுவான ஓர் உதாரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை 2002-ல் நூற்றுக்கும் கீழே போயிருந்தது. அடைப்பில் இனப்பெருக்கம் செய்து, உயிருள்ள முயலைக் கொடுத்துப் பழக்கி விட்டுவந்ததில் இன்று 2,000-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே அடைப்பில் பிறந்த பூனையினம் காட்டில் பிழைக்கவே பிழைக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் லின்க்ஸின் எடை பத்துப் பன்னிரண்டு கிலோ, இரை முயல், அதற்குப் பயந்து யாரும் கதவடைக்க மாட்டார்கள். கடமானை வீழ்த்தக் கற்க வேண்டிய 150 கிலோ விலங்கோடு அதை ஒப்பிடுவது சரியாகாது.

இப்போது உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் முயற்சி கஜகஸ்தானில். நடு ஆசியாவில் வாழ்ந்த காஸ்பியன் புலி அழிந்தே போயிற்று. 2009-ல் அருங்காட்சியகத்தில் இருந்த மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தபோது, அது ஆமூர் புலிக்கு, அதாவது சைபீரியப் புலிக்கு, மிக நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அந்த அடிப்படையில் 2018-ல் இலி–பல்காஷ் காப்பகம் உருவானது. காட்டுக்கழுதையும் புகாரா மானும் முதலில் விடப்பட்டன. 2024-ல் நெதர்லாந்திலிருந்து ஓர் ஆமூர்ப் புலி இணை வந்தது. அந்த இணையைக் காட்டில் விடப்போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றுக்குப் பிறக்கும் குட்டிகள்தான் மனிதரை அறியாமல் வளர்ந்து காட்டுக்குப் போக வேண்டியவை. பூங்காப் புலியை வைத்துக்கொண்டே ஜோலுஷ்காவின் வழிக்குள் நுழையப் பார்க்கிறார்கள். மான் முதலில், புலி பிறகு என்ற வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

அடைப்புப் புலிக்கு வேறு வேலை இருக்கிறது

காட்டில் விட முடியாததால் பூங்காப் புலி பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. சிமிலிபாலில் புலிகளின் வரிகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து உடலே கருத்துத் தெரியும். பெங்களூரில் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-ல் இதற்கு டாக்பெப் என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றமே காரணம் என்று காட்டியது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நந்தன்கானன் பூங்காவில் கருப்புக் குட்டியும் சாதாரணக் குட்டியும் ஒரே ஈற்றில் பிறந்திருந்தன. எந்தத் தாய், எந்தத் தந்தை என்ற பதிவேடு இருந்தது. வண்டலூர் பூங்காவிலும் அப்படிக் குட்டிகள் பிறந்திருந்தன. காட்டில் யாருக்கு யார் தந்தை என்று தெரியாது. பூங்காவில் தெரியும். அந்த அறிவை எடுத்துக்கொண்டு காட்டு எச்சங்களைப் பார்த்தபோது, சிமிலிபால் புலிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்று இரண்டு பிரதியாகச் சுமப்பது தெரிந்தது. வெளியிலிருந்து புலி வராமல் நெடுங்காலம் தனித்துக் கிடந்ததன் விளைவு அது. ஜீனத்தைத் தடோபாவிலிருந்து கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மயக்க மருந்தின் அளவு, எச்சத்தில் ஹார்மோனை அளக்கும் முறை, வயதுக்கேற்பப் பல் தேயும் விதம் எல்லாம் முதலில் அடைப்புப் புலிகளிடம் சரிபார்க்கப்பட்டவையே. சரிஸ்காவின் மன அழுத்தத்தை அளந்ததும், டி-3-ஐப் பன்னாவில் நிறுத்திய அந்தச் சிறுநீரும் அடைப்புப் புலிகளால் கிடைத்தவை.

சரி, எந்தக் காட்டுக்கு எது?

பக்கத்தில் புலிக்காடு இருந்து, வழியும் அறுபடாமல் இருந்தால் புலியைத் தொடவே வேண்டாம். பணத்தையெல்லாம் வழித்தடத்துக்கும் மானுக்கும் போடலாம். ஆண் வந்து ஐந்தாறு ஆண்டாகியும் பெண் வரவில்லையென்றால் இரண்டு இளம் பெண்புலிகளை மட்டும் கொண்டுவரலாம். வந்த ஆணுக்குத் துணை சேர்ப்பது, ஆணையும் பெண்ணையும் சேர்த்து இறக்குவதைவிட எளிது.

வழியே இல்லாத தனித்த காடு என்றால் காட்டுப் புலிதான் என் தேர்வு. பெண்கள் கூடுதலாக, வெவ்வேறு காடுகளிலிருந்து, மரபணு பார்த்து, ஒரே பருவத்தில். பன்னாவைப்போல. அந்த நேரத்தில் அடைப்பில் ஒழுங்காக வளர்ந்த அனாதைக் குட்டி இருந்தால் அதையும் அதே குழுவில் சேர்க்கலாம். தனியாக வேண்டாம். பூங்காவில் பிறந்ததை, அந்தத் துணையினமே அந்த நிலப்பகுதியில் அழிந்து, காட்டுப் புலி கிடைக்கவே வழியில்லாத இடத்தில் மட்டும், அதுவும் அடுத்த தலைமுறையை முன்வைத்து.

சுருக்கு இன்னும் அகற்றப்படாத காடு, ஊர் சம்மதிக்காத காடு, மான் எண்ணப்படாத காடு என்றால் நான்கில் எதுவும் வேண்டாம். அங்கே இரண்டு கோடைக்காவது மான் கணக்கெடுத்து, சுருக்குகளைப் பொறுக்கி, ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். கால்நடை போனால் இழப்பீடு எத்தனை நாளில் வரும், விடியலில் காட்டுப்பக்கம் போகும் பெண்களுக்குப் புலி இருக்கும் திசையை யார் வந்து சொல்வார்கள், காலர் சத்தத்தை இரவில் கேட்டுக்கொண்டிருப்பது யார், அவருக்குச் சம்பளம் எத்தனை ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த நான்குக்கும் பெயரும் தேதியும் போட்ட பதில் காகிதத்தில் வந்த பிறகு புலியைப் பற்றிப் பேசலாம்.